எட்டாவது கத்தி

சாப்பாடு முடிந்ததும் என் அண்ணி எண்ணுவார். கழுவிக் கவிழ்த்த கரண்டிகளையும் கத்திகளையும் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலால் தொட்டு, உதடு மட்டும் அசைய எண்ணி முடித்த பிறகுதான் இழுப்பறையை மூடுவார். இருபத்தாறு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலோடு படுத்திருந்த நாட்களில்கூட எழுந்து வந்து எண்ணிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். ஒருமுறை உறவினர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர்களுடைய கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, எங்க வீட்டுக் கரண்டி சரியா இருக்கான்னு பாக்கறியா, இல்ல எத்தனை எடுத்துட்டுப் போலாம்னு பாக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். ஆனால் மீதி மூன்றையும் தொட்டுவிட்டுத்தான் கையை எடுத்தார்.

அண்ணனுக்கு இது பெரிய கேலி. "கல்யாணத்தன்னிக்கு மேடையில நின்னுட்டு வந்தவங்களை எண்ணுனவ இவ. நான் தாலி கட்டும்போது எத்தனையாவது ஆளுன்னு கேட்டா சொல்லுவா" என்பான்.  அண்ணி எதற்கு எண்ணுகிறார் என்பது அவரோடு வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அண்ணி மனநல மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் உறவில் பாதிப் பேர் வேலை வாங்கித் தரும் அலுவலகம் என்று நினைத்தார்கள். "எங்க பையனுக்கும் ஒண்ணு பாத்து விடும்மா" என்று சான்றிதழ்களைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. மீதிப் பாதி, கூடை பின்னச் சொல்லித்தரும் டீச்சர் என்று நினைத்தார்கள். நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"காலையில எழுந்து பல்லு வெளக்கறோம், குளிக்கறோம், சமைக்கறோம், பஸ்ஸைப் பிடிக்கறோம். மனசு உடைஞ்சுபோனா இது எல்லாம் ஒவ்வொண்ணா நின்னுபோயிடும், பாப்பா. மருந்து கொடுத்தா சத்தம் அடங்கும், தூக்கம் வரும். ஆனா நின்னுபோன கை தானா ஓடாது. அதை மறுபடி ஓட வைக்கறதுதான் என் வேலை" என்றார்.

என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எனக்கு நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் நான் பாப்பாதான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அந்த மருத்துவமனையிலேயே உதவியாளர் வேலை கிடைத்தபோது முப்பது வயது. உள்ளே நுழைந்த முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "இங்க நான் அண்ணி இல்ல. மேடம். நீ பாப்பா இல்ல. சரியா?" இந்தப் பதினெட்டு வருடத்தில் அந்தக் கட்டுப்பாட்டை அவர் மீறியது ஒரே ஒரு நாள். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

அண்ணி வேலையில் சேர்ந்த முதல் வருடம், தையல் வகுப்பு முடிந்தபோது ஒரு கத்தரிக்கோல் குறைந்தது. இரண்டு நாள் கழித்து ஒருவருடைய தலையணைக்குள் கிடைத்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அண்ணி சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்த எண்ணிக்கை.

பயந்த மனுஷி என்று வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு ஆளாக ஒரு பழைய அறையில் தொடங்கியவர், பிரிவின் இயக்குநரானார். அவருக்குக் கீழே முப்பது பேர் வந்தார்கள். வீட்டுக்குத் திரும்பியவர்கள் பகலில் வந்துபோக மூன்று இடங்களில் மையம் திறந்தார். கூட்டத்தில் பெரிய டாக்டர்கள் நடுவே எழுந்து பேசுவார். ஆனால் கூட்டத்துக்கு முன் தாழ்வாரத்துக் குழாயில் அவர் எத்தனை முறை கை கழுவினார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பேச வேண்டியதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவார். வியர்வையில் அது கரைந்துவிடும். வெளியே வந்து, "என்ன சொன்னேன்னே தெரியல. நல்லாப் பேசுனேனாம்" என்பார்.

அவர் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது பயிற்சிச் சமையலறை. பெண்கள் வார்டு தாழ்வாரத்தின் கடைசியில் துணிக்கிடங்காக இருந்த அறை. இரண்டு அடுப்பு, ஒரு எவர்சில்வர் தொட்டி, வலை அடித்த ஜன்னல், மூலைகளைத் தேய்த்து உருட்டிய நீள மேசை. வீட்டுக்குப் போகவிருப்பவர்கள் அங்கே வாரத்தில் மூன்று நாள் சமைப்பார்கள். கடைசியாக ஒரு நாள், யார் துணையும் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டைச் செய்து காட்ட வேண்டும். அதில் தேறினால் வீடு.

தொடங்கும்போது பெரிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடம், இவங்க கையில கத்தியா?"

"வீட்டுக்குப் போனா இவங்களுக்கு வெங்காயம் நறுக்கித் தர யாரை அனுப்பப் போறீங்க, டாக்டர்?"

எட்டுக் கத்திகள். கெட்டித் துணியில் எட்டுப் பைகள் வைத்துத் தைத்த ஒரு சுருள். ஒவ்வொரு பையிலும் ஒரு கத்தி. சுருட்டி, நாடாவால் கட்டி, இரும்பு அலமாரியில் பூட்டு. கடைசிப் பை குட்டைக் கத்திக்கு. அது பையின் அடிக்குப் போய்விடும், பிடிகூட வெளியே தெரியாது. அதனால்தான் அண்ணியின் விதி: கண்ணால் பார்த்தால் போதாது, தொட வேண்டும். சமையலுக்கு முன்னும் பின்னும், இரண்டு பேர், சுருளை விரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டு எண்ண வேண்டும். பிறகு நோட்டில் இரண்டு கையெழுத்து. ஒன்று அண்ணியுடையது, மற்றது என்னுடையது.

இயக்குநர் ஆன பிறகும் அவர் இதை விடவில்லை. மாடி அறையில் இருந்து மூச்சிரைக்க இறங்கி வருவார். புதிதாகச் சேர்ந்த தெரபிஸ்ட் பெண் ஒரு நாள் கேட்டேவிட்டாள்: "மேடம், நான் எண்ணறேனே. எனக்கும் எட்டு வரைக்கும் தெரியும்."

"தெரியும்மா. இருக்கட்டும்" என்றார் அண்ணி. சாவியைத் தரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு புதன்கிழமை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகவிருந்தவர் ஒரு தையல்காரம்மாள். பதினோரு மாதமாக வார்டில் இருந்தார். வந்த புதிதில் தன்னையே காயப்படுத்திக்கொண்டவர். மணிக்கட்டுக்கு மேலே தழும்புகள் உண்டு. ஆறு மாதம் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் என் ரவிக்கையைப் பார்த்து, "தோள்பட்டை ஒரு பக்கம் ஏறியிருக்கு. யார் தைச்சது, கண்ணை மூடிக்கிட்டா?" என்றார். அண்ணி அன்று சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. வெள்ளிக்கிழமை மகள் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமையே அவர் பையைக் கட்டி வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி தாழ்வாரத்தில் வேகமாக வந்தார். காதில் போன். மேலிடத்தில் இருந்து யாரோ எதற்கோ கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்றபடியே இருந்தார். நான் நோட்டை நீட்டினேன். சமையலறைக்குள் வராமலேயே, சுவரில் நோட்டை வைத்து "8" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை என் கையில் திணித்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

அவர் தொடவில்லை என்பதைப் பார்த்தேன். சமையலறை தொடங்கிய எட்டு வருடத்தில் முதல் தடவை. கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. அவர் எழுதிய எட்டுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பெண்கள் ஆறு பேர் ஏற்கெனவே உள்ளே வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சுருளை விரித்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொடுத்தேன். குட்டைக் கத்தி யாருக்கும் தேவைப்படவில்லை.

பன்னிரண்டரைக்குச் சமையல் முடிந்தது. கத்திகளை எல்லாம் தையல்காரம்மாள் கழுவினார். தொட்டியருகே கடைசியாக நின்றவர் அவர். அண்ணி இறங்கி வந்தார். சுருளை விரித்து இருவரும் தொட்டோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு. கடைசிப் பையில் அண்ணியின் விரல் உள்ளே போயிற்று. அடி வரைக்கும் போயிற்று. வெறும் துணி.

"மறுபடி" என்றார்.

ஏழு.

 அண்ணி மணியை அழுத்தினார். வார்டுக் கதவுகளைப் பூட்டினார்கள். தலைமை நர்ஸ் நான்கு பேரோடு வந்தார். தொட்டியின் குழாயைக் கழற்றினார்கள். காய்த்தோல் வாளியைத் தரையில் கொட்டிக் கிளறினார்கள். அடுப்புக்குப் பின்னால், மேசைக்கு அடியில், பெண்களின் உடைகளில், தலைமுடியில் என்று தேடல் நீண்டது. கிடைக்கவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் எல்லோர் கண்களும் தையல்காரம்மாளின் மணிக்கட்டுக்குப் போய்ப் போய்த் திரும்பின.

"நான் எடுக்கல" என்றார் அவர், ஒரே ஒரு முறை. பிறகு கட்டிலில் உட்கார்ந்து மேலங்கியின் ஓரத்தை மடிக்கத் தொடங்கினார். மடிப்பார், நீவுவார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். பேசாமல் இருந்த அந்த ஆறு மாதமும் அவர் செய்துகொண்டிருந்தது இதைத்தான். 

"வெள்ளிக்கிழமை போறது நடக்காது, மேடம்" என்றார் தலைமை நர்ஸ் தணிந்த குரலில். "கத்தி கிடைக்கற வரைக்கும் அனுப்ப முடியாது. கிடைச்சாலும் மூணு மாசம் பாக்கணும்னு டாக்டர் சொல்வார்."

அண்ணி தலையாட்டினார். விரல்கள் தானாகத் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தன. ஐந்து, ஆறு, ஏழு. அங்கேயே நின்றது விரல். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, மேல வா."

அந்த இடத்தில் அவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவை.

மாடியில் தன் அறைக் கதவைச் சாத்தினார். ஜன்னல் திட்டில் கோப்புகளுக்குப் பின்னால் ஒரு பழைய செய்தித்தாள் கிடந்தது. அதைத் தூக்கினார். கீழே ஒரு தட்டு, பழுப்பேறிய ஆப்பிள் துண்டுகள், குட்டைக் கத்தி.

"நேத்து சாயங்காலம் தலைமை அலுவலகத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. பழம் இருந்துச்சு, நறுக்க ஒண்ணும் இல்ல. எல்லாம் எண்ணிப் பூட்டுன பிறகு நானே போய் எடுத்துட்டு வந்தேன். அவங்க போனதும் கொண்டுபோய் வெக்கணும்னு..."  நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மேசை மேல் போன் அடித்தது. நிர்வாக அதிகாரியின் குரல் எனக்கே கேட்டது. "கிடைச்சுதா மேடம்?"

அண்ணி மடியில் கத்தி இருந்தது. "தேடிட்டு இருக்கோம், சார்" என்றார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "காய்த்தோல் வாளியில கிடந்துச்சுன்னு சொல்லிடலாம், அண்ணி. நான் எடுத்துட்டுப் போய்ப் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"வாளியைத்தான் கொட்டிப் பாத்தாங்களே."

"சரியாப் பாக்கலன்னு சொல்லலாம்."

அவர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கைக்குட்டையில் கத்தியைச் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. "நான் சொன்னா சமையலறையை மூடிடுவாங்க. டாக்டர் முதல்லேர்ந்தே அதுக்குத்தான் காத்துட்டு இருக்கார்" என்றார். பிறகு, "தொட்டிகிட்ட கடைசியா நின்னது யாரு?" என்று கேட்டார்.

"தையல்காரம்மா" என்றேன்.

"வாளியில கிடைச்சா யார் போட்டதுன்னு எழுதுவாங்க, பாப்பா?"

இரண்டு அடித்தது. அவர் எழுந்தார். கையைக் கழுவிக்கொள்ளவில்லை. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

வார்டில் தையல்காரம்மாளின் பையைக் கட்டில் மேல் கொட்டியிருந்தார்கள். மூன்றாவது தடவையாம். மடித்த துணிகள், சீப்பு, ஒரு அளவு நாடா, மகள் எழுதிய கடிதங்கள். எல்லாவற்றையும் மறுபடி உதறிக்கொண்டிருந்தார் ஒரு நர்ஸ்.

"நிறுத்துங்க" என்றார் அண்ணி. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். "கத்தி என் ரூம்ல இருந்துச்சு. நேத்து நான்தான் எடுத்தேன். இன்னிக்குக் காலையில எண்ணாமலே கையெழுத்துப் போட்டேன்."

தலைமை நர்ஸ் பதறிப்போய் அருகே வந்தார். "மேடம், உள்ள போய்ப் பேசிக்கலாமே. எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும். இவங்களை எல்லார் முன்னாடியும்தானே சோதனை போட்டீங்க."  தையல்காரம்மாளின் முன்னால் போய் நின்றார். "என்னை மன்னிச்சிடுங்க."

அவர் நிமிரவில்லை. மடித்த ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார்: "என் பையை மூணு தடவை கொட்டுனாங்க, மேடம். உங்க மேசையை ஒரு தடவைகூட யாரும் பாக்கல."

 அண்ணி கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். நான்காவது துணியை வைக்கும்போது தையல்காரம்மாள் அதைப் பிடுங்கி, "இப்படியா மடிப்பாங்க?" என்று மடித்துக் காட்டினார். எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

ஒரு வாரம் கழித்து விசாரணை நடந்தது. நீள மேசைக்கு அப்பால் மூன்று பேர். என்னையும் கூப்பிட்டார்கள்.  நடுவில் இருந்தவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"மேடம் தொடாம எழுதினதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"பாத்தும் ஏன் சொல்லல?"

"அவங்க பெரியவங்க சார்."

"வயசுலயா, பதவியிலயா?"

"ரெண்டுலயும் சார். வீட்டுலயும்."

ஓரத்தில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒரே பேருந்தில்தான் போனோம். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது, "சரியாத்தான் சொன்ன" என்றார்.

அவருக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. பதவியை எடுக்கவில்லை. சமையலறை இருபத்துமூன்று நாள் பூட்டிக் கிடந்தது. திறக்க அனுமதி தந்தபோது இரண்டு நிபந்தனை வைத்தார்கள்: சாவி இயக்குநரிடம் இருக்கக் கூடாது, எண்ணும் இருவரில் ஒருவர் அங்கே சமைக்கிறவராக இருக்க வேண்டும். இரண்டாவதை எழுதியது அந்த ஓரத்து அம்மாள் என்று கேள்விப்பட்டேன்.

தையல்காரம்மாள் வெள்ளிக்கிழமை போகவில்லை. அவரை மறுபடி பரிசோதித்துப் புதிதாக ஒரு சான்று வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுப்பு எடுத்து வந்த மகள் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அனுப்பினார்கள். திங்கட்கிழமை மாலை அவர் என்னிடம் கத்திச் சுருளைக் கேட்டார். கத்திகளை எடுத்துவிட்டு வெறும் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அண்ணியும் கூட நின்றார். ஊசியும் நூலும் அண்ணி கையில் இருந்தன, எண்ணித்தான் கொடுத்தார்.

தையல்காரம்மாள் கடைசிப் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "சின்னக் கத்திக்கு இவ்வளவு ஆழமா? உள்ள விழுந்தா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? யார் தைச்சது இதை?"

"நான்தான்" என்றார் அண்ணி.

"தெரியுது."

பையின் பாதியில் குறுக்கே ஒரு தையல் போட்டார். இரட்டை நூல், நெருக்கமான தையல். பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்து ஊசியைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது குட்டைக் கத்தியின் பிடி மற்ற ஏழோடு சேர்ந்து வெளியே தெரிகிறது.

அண்ணி இன்னும் இயக்குநராகத்தான் இருக்கிறார். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. சமையலறை வாரம் மூன்று நாள் நடக்கிறது. சாவி புது தெரபிஸ்ட்டிடம் இருக்கிறது. எட்டு வரை எண்ணத் தெரிந்த பெண். பன்னிரண்டரை ஆனால் அண்ணி மாடித் தாழ்வாரத்தில் வந்து நிற்பார், கீழே இருந்து "எட்டு" என்ற குரல் வந்த பிறகுதான் அறைக்குள் போவார். தையல்காரம்மாள் மாதம் ஒருமுறை மருந்து வாங்க வருகிறார். போன மாதம் வரவில்லை. தைக்கும் வேலை அதிகம் என்று மகள் போனில் சொன்னாள். இந்த மாதத் தேதி நாளை மறுநாள். அண்ணி நேற்றே இரண்டு முறை கேட்டுவிட்டார். வீட்டில் எங்களுக்குப் பன்னிரண்டு கரண்டியும் நான்கு கத்தியும் இருக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கின்றன.